ஏழு பாகையும் பதினான்கு பாகையும்

காந்தமும் இரும்பும் நம் தமிழுக்குப் புதியவை அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்திலே, உயிர்கள் இறைவன் முன்னிலையில் இயங்கும் தன்மையை விளக்கக் காந்தத்தின் எதிரே நிற்கும் இரும்பைத்தான் உவமையாக எடுத்தாண்டார். இரும்பைப் ‘பசாசம்’ என்று அவர் குறித்த பழஞ்சொல் இன்று வழக்கிழந்துவிட்டது. உவமை மட்டும் வாழ்கிறது. காந்தம் அசைவதில்லை, கை நீட்டுவதில்லை. அதன் சந்நிதியில் இரும்பு தானே அசைகிறது. தத்துவ ஆசிரியருக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

விஞ்ஞானியோ அந்த இடத்திலேதான் தன் கேள்வியைத் தொடங்குகிறான். சந்நிதி என்றால் எவ்வளவு அண்மை? ஒரு சாண் தூரத்தில் உள்ள வலிமை இரண்டு சாண் தூரத்தில் என்னவாகிறது? பாதியாகிறதா, நாலில் ஒன்றாகிறதா, எட்டில் ஒன்றாகிறதா? சிறுபிள்ளைக் கேள்விபோலத் தோன்றும் இதற்கு விடை காண ஐரோப்பிய அறிஞருக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. இந்தக் கேள்வியால் ஒரு மாணவனின் கொப்பியிலே சிவப்பு மை விழுந்த கதை ஒன்றை அண்மையில் அறிந்தேன். அதைப் பற்றியும், அதற்குப் பின்னால் நிற்கும் பெரிய கதையைப் பற்றியும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லேகமவில் ஒரு விடுமுறை

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலை அடுத்துக் கிடப்பது லக்கல – பல்லேகம. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய கடைத்தெருவும் அலுவலகங்களும் இடம்பெயர்ந்து, 2018ஆம் ஆண்டளவில் புதிய நகரம் எழுந்த பிரதேசம் அது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின் நான் சில வாரங்கள் அங்கே நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்திலே கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் மகன், வெளியூரில் தங்கிப் படிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். நான் விஞ்ஞானம் கற்பித்தவன் என்று கேள்விப்பட்டு, ஒரு மாலையில் தன் செய்முறைக் கொப்பியோடு வந்தான்.

அவன் வகுப்பில் செய்திருந்த சோதனை எளியது. ஒரு திசையறி கருவியை மேசைமேல் வைத்து ஊசி வடக்கு நோக்கி நிற்க விடுகிறோம். அதற்கு நேர் கிழக்கே ஒரு சட்டக் காந்தத்தை, அதன் முனைவு ஊசியை நோக்குமாறு, கிழக்கு மேற்காகக் கிடத்துகிறோம். ஊசி வடக்கிலிருந்து விலகி நிற்கும். இந்த விலகலைத் ‘திறம்பல்’ என்று நம் பாடநூல்கள் கூறும். திறம்பற் கோணத்தின் தாஞ்சன் பெறுமானம், அவ்விடத்திலே காந்தத்தின் வலிமை பூமியின் கிடைக் காந்த வலிமையைப்போல எத்தனை மடங்கு என்பதைக் காட்டும். 45 பாகை திறம்பினால் இரண்டும் சமம். இருபது சென்ரிமீற்றரில் ஊசி 45 பாகை திறம்பியதாக அவன் எழுதியிருந்தான். காந்தத்தை நாற்பது சென்ரிமீற்றருக்கு நகர்த்தியபோது 7 பாகை.

அந்த 7 என்ற இலக்கம் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் 14 என்று எழுதப்பட்டிருந்தது.

கணக்கு என்னவோ நேரானதுதான். காந்த வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமானது என்பது பாடம். தூரம் இரு மடங்கானால் வலிமை நாலில் ஒன்று. கால் என்னும் தாஞ்சனுக்குரிய கோணம் 14 பாகை. ஆகவே 14 வர வேண்டும். 7 வந்தது பிழை. “மற்றப் பிள்ளைகள் எல்லாரும் 14 என்றுதான் எழுதினார்கள் சேர். ஆனால் 14ஐக் கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை” என்றான் அவன். பிறகு சற்றுத் தயங்கி, “கருவி பிழையா, நான் பார்த்தது பிழையா?” என்று கேட்டான்.

அந்த ஆசிரியரைக் குறை கூற நான் முன்வரவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டே திசையறி கருவிகளும் நாற்பது நிமிடமும் உள்ள வகுப்பறையின் நெருக்கடி எனக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்த வகுப்பிலே அன்று நிகழ்ந்தது சிறிய காரியம் அல்ல. கண் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகம் சொன்னதை எழுதும் பழக்கத்தை நாற்பது பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் கற்க மறுத்தான்; அவனுக்குப் புள்ளி குறைந்தது.

நியூட்டன் கண்ட கனமும் கூலோம் கண்ட வர்க்கமும்

அந்த மாணவனுக்குத் துணை நிற்பவர் சாமானியர் அல்லர். ஈர்ப்பு விதியை வர்க்க விதியாக உலகுக்கு நிறுவிய ஐசாக் நியூட்டனே, ‘பிரின்சிபியா’ என்னும் தமது பெருநூலில், காந்த விசை தூரத்தின் வர்க்கத்தைவிடக் கனத்தையே ஏறக்குறைய ஒட்டிக் குறைகிறது என்று ஒரு குறிப்பு வைத்தார். சில முரட்டு அவதானங்களிலிருந்து தாம் கண்டது அது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். கனம் என்றால் மும்மடிப் பெருக்கம். தூரம் இரட்டித்தால் வலிமை எட்டில் ஒன்று. எட்டில் ஒன்றுக்குரிய தாஞ்சன் கோணம் எது? 7 பாகை!

ஆயினும் இக்கேள்வி நெடுங்காலம் குழப்பமாகவே கிடந்தது. 1712ஆம் ஆண்டளவில் இலண்டன் ராயல் சங்கத்திலே பிரான்சிஸ் ஹோக்ஸ்பீயும் புரூக் டெய்லரும் காந்தத்தை அடி அடியாக நகர்த்தி அளந்தார்கள். ஒரே விதி எல்லாத் தூரத்துக்கும் பொருந்தவில்லை. ஒல்லாந்து அறிஞர் முஷன்புரூக் 1720களில் மீண்டும் மீண்டும் அளந்து சலித்து, தூரத்துக்கும் விசைக்கும் இடையே ஒழுங்கான விகிதம் எதுவுமே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அவர் அளவில் பொய் இல்லை. இரண்டு காந்தங்களை அருகருகே வைத்து அளந்தவருக்கு நான்கு முனைவுகளின் இழுபறியும் ஒன்றாகச் சிக்கிக் கிடைத்தது. சிக்கலை அளந்தவர் சிக்கலையே கண்டார்.

சிக்கலை அவிழ்த்த முதல் கை இங்கிலாந்தின் ஜோன் மிச்செலுடையது. 1750இல் அவர் வெளியிட்ட நூலிலே, காந்தத்தை ஒரு முழுப்பொருளாகக் கொள்ளாமல், ஒவ்வொரு முனைவையும் தனியாகக் கருதினால் வர்க்க விதி பொருந்தும் என்று எழுதினார். 1785இல் பிரான்சின் கூலோம் அதனைத் தமது முறுக்குத் தராசினால் உறுதிப்படுத்தினார். அவர் செய்த நுட்பம் கவனிக்கத்தக்கது. சட்டக் காந்தத்தை விட்டு, நீண்டு மெலிந்த எஃகுக் கம்பியைக் காந்தமாக்கினார். ஒரு முனைவு ஊசிக்கு அருகில் நிற்க, மறுமுனைவு வெகுதூரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. தனி முனைவு என்று ஒன்று இயற்கையில் இல்லை. ஆயினும் தனி முனைவு போன்ற ஒன்றை இவ்வாறு அவர் உண்டாக்கிக்கொண்டார்.

பாடநூலில் ‘காந்த முனைவுகளுக்கிடையிலான விசை’ என்று தொடங்கும் வாக்கியத்திலே உள்ள ‘முனைவு’ என்ற சொல்லின் பாரம் இதுதான். அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டு ‘காந்தம்’ என்று மட்டும் மனத்தில் கொண்டால், 7 பாகை 14 பாகையாகிவிடும்.

வர்க்கம் எப்படிக் கனமாகிறது

இனி, முனைவுக்கு வர்க்கம் என்றால் சட்டக் காந்தத்துக்குக் கனம் வருவது எவ்வாறு? இதற்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் பின்னக் கணக்கே போதும்.

ஒரு காந்தத்தின் வடமுனைவும் தென்முனைவும் இரண்டு அலகு இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். காந்தத்தின் நடுப்புள்ளியிலிருந்து, அதன் நீள அச்சிலே பத்து அலகு தூரத்தில் நாம் நிற்கிறோம். அருகிலுள்ள முனைவு நமக்கு 9 அலகு தூரத்தில். அது 81இல் ஒரு பங்கு வலிமையோடு தள்ளுகிறது. மறுமுனைவு 11 அலகு தூரத்தில். அது 121இல் ஒரு பங்கு வலிமையோடு இழுக்கிறது. தள்ளுவதிலிருந்து இழுப்பதைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 245இல் ஒரு பங்கு. இப்போது இருபது அலகு தூரத்துக்குப் போவோம். முனைவுகள் 19, 21 அலகு தூரத்தில் உள்ளன. 361இல் ஒன்றிலிருந்து 441இல் ஒன்றைக் கழிக்கிறோம். எஞ்சுவது ஏறத்தாழ 1,990இல் ஒரு பங்கு. 245ஐ 1,990 ஆக்கியது எத்தனை மடங்கு? எட்டு மடங்கும் சற்று மேலும். தூரம் இரட்டித்தது, வலிமை எட்டில் ஒன்றாயிற்று.

இதிலுள்ள உண்மை எளிமையானது. காந்தத்தின் இரண்டு முனைவுகளும் எப்போதும் ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டே இருக்கின்றன. அருகில் நிற்பவனுக்கு ஒரு முனைவின் குரலே ஓங்கிக் கேட்கும். விலகிப் போகப் போக இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதுபோல் ஆகி, ஒன்றின் சொல்லை மற்றொன்று அழித்துவிடும். வலிமை இரு வகையில் தேய்கிறது: தூரத்தால் ஒரு தேய்வு, தம்முள் மாறுபாட்டால் இன்னொரு தேய்வு. வர்க்கம் கனமாவது அந்த இரண்டாம் தேய்வினால்.

இதைத் திட்டமாக அளந்து நிறுவியவர் ஜெர்மானியக் கணித மேதை கவுஸ். 1832இல் கொற்றிங்கன் நகரில் அவர் அளித்த ஆய்வுரையிலே, ஊசியின் திறம்பலைப் பல தூரங்களில் அளந்து, கனத்தோடு தொடங்கும் தொடராக அதை எழுதிக் காட்டினார். அதே உரையில் பூமியின் காந்த வலிமையை நீளம், திணிவு, நேரம் என்ற மூன்று அலகுகளால் அளக்கும் வழியையும் கண்டார். மாணவர் இன்று மேசைமேல் செய்யும் திறம்பற் சோதனை கவுஸ் விட்டுச்சென்ற சொத்து. காந்த வலிமையின் ஓர் அலகு அவர் பெயரையே தாங்குகிறது.

சைக்கிள் கம்பி கூறிய சாட்சி

கணக்கைக் காட்டிவிட்டேன். ஆனால் புத்தகத்தின் இலக்கத்தை மறுக்க என் இலக்கத்தை அவன்மேல் ஏற்றுவது முறையன்று. “தம்பி, அளந்து பார்ப்போம்” என்றேன்.

நண்பரின் வீட்டுத் திண்ணையைத் தெரிந்தெடுத்தோம். மேசையில் ஆணிகள் இருந்தன. ஆகவே தரையிலே பலகை ஒன்றை இட்டோம். கைம்மணிக்கூட்டைக் கழற்றி வைத்தோம். கைத்தொலைபேசியின் உள்ளேயும் காந்தம் உண்டு. அதை வீட்டுக்குள் அனுப்பினோம். பாடசாலைக் காந்தம் போன்ற ஒரு சட்டக் காந்தத்தை அவன் கொண்டுவந்திருந்தான். தூரத்தைக் காந்தத்தின் நடுவிலிருந்து அளந்தோம். இருபது சென்ரிமீற்றருக்குச் சற்று உள்ளே 45 பாகை கிடைத்தது. தூரத்தை ஒன்றரை மடங்காக்கியபோது ஊசி 16 பாகையில் நின்றது; வர்க்க விதி உண்மையாயின் 24 இருந்திருக்க வேண்டும். தூரத்தை இரட்டித்தபோது 7 பாகை. காந்தத்தைத் திருப்பி வைத்து மறுபுறமும் பார்த்தோம், அதே 7.

பின்னர் பழைய சைக்கிள் ஒன்றின் சில்லிலிருந்து நீண்ட கம்பி ஒன்றை எடுத்தோம். வலிய காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து அதனைக் காந்தமாக்கினோம். ஒரு முழத்துக்கும் குறைந்த கம்பிதான். எனினும் அதன் மெலிவுக்கு அது நெடுங்காந்தம். இப்போது தூரத்தைக் கம்பியின் நடுவிலிருந்து அளக்காமல், ஊசிக்கு அருகிலுள்ள நுனியிலிருந்து அளந்தோம். நான்கு சென்ரிமீற்றர் அளவில் 45 பாகை. எட்டு சென்ரிமீற்றர் அளவில் ஊசி ஆடி அடங்கி நின்ற இடம் 14 பாகை.

அவன் நெடுநேரம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். 14 பொய்யான இலக்கம் அன்று. அது வேறொரு காந்தத்தின் இலக்கம். அவன் கொப்பியில் எழுதியவர் ஒரு மெய்யை மற்றொரு மெய்யின் இடத்திலே கொண்டுபோய் வைத்துவிட்டார்; அவ்வளவே.

“அப்படியென்றால் பரீட்சையிலே நான் எதை எழுதுவது சேர்?” என்று கேட்டான். வினா முனைவைக் கேட்கிறதா, காந்தத்தைக் கேட்கிறதா என்று முதலில் பார் என்றேன். முனைவு என்றால் வர்க்கத்தை எழுது. சட்டக் காந்தம் என்று சொல்லித் தொலைவையும் சொன்னால் கனத்தை எழுது. செய்முறைக் கொப்பியிலோ கண்டதை மட்டும் எழுது. அது புத்தகத்தோடு மாறுபட்டால், மாறுபட்டது என்பதையும் எழுது.

இச்சோதனைக்கு நம் நாடு வாய்ப்பான நாடு என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. ஆகையால் இலங்கையில் காந்த ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். பூமியின் வலிமை முழுவதும், அதாவது ஏறத்தாழ 0.4 கவுஸ், கிடைத்திசையிலேயே செயற்படும். இங்கிலாந்திலோ பூமியின் காந்தம் பெரிதும் நிலத்துக்குள்ளே சாய்ந்து செல்வதால் கிடை வலிமை ஏறத்தாழ 0.2 கவுஸ்தான். நம்மிடம் 20 சென்ரிமீற்றரில் 45 பாகை காட்டும் காந்தம் அங்கே 25 சென்ரிமீற்றருக்கும் அப்பால் அதே கோணத்தைக் காட்டும். ஆங்கில நூல்களின் மாதிரி இலக்கங்களை நம் மாணவர் கொப்பிகளில் எதிர்பார்ப்பது இதனாலும் பொருந்தாது.

அகத்தியர் மலையும் அலிபாக்கும்

தூரத்தோடு காந்தம் தேய்வது மேசைமேல் நிகழும் காரியம் மட்டும் அன்று. நம் அண்டை நாட்டில் அதற்காக மலை ஏறியவரும் உண்டு. நகரத்தைவிட்டுப் பெயர்ந்தவரும் உண்டு.

திருவிதாங்கூர் மகாராசாவின் வானாய்வகத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர் ஜோன் அலன் பிரௌன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். திருவனந்தபுரத்தில் காந்த ஊசியின் நாளாந்த அசைவைப் பதிந்துகொண்டிருந்த அவர், உயரம் மாறினால் அந்த அசைவு மாறுமா என்று அறிய விரும்பினார். இதற்காக அவர் தெரிந்தெடுத்த இடம் தமிழ் முனிவரின் பெயர் தாங்கிய அகத்தியர் மலை. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், மழைக்காட்டின் மேலே, 1855இல் ஓர் ஆய்வகம் எழுந்தது. இரண்டு இடங்களின் அவதானங்களையும் தொகுத்து 1874இல் அவர் நூலாக வெளியிட்டார். தமிழ்மொழியின் பழங்கதை குடியிருக்கும் சிகரத்தில் காந்த ஊசி ஒன்று இரவு பகலாகக் கண்காணிக்கப்பட்டது என்பது நம் இலக்கிய அன்பர் பலர் அறியாத செய்தி.

அந்த மலையேற்றத்தின் அருமையை நம் கன விதியாலேயே உணரலாம். பூமியும் பெரும்பாலும் ஒரு காந்தம்போலவே நடந்துகொள்கிறது; அதன் வலிமை பூமியின் நடுவிலிருந்து அளக்கும் தூரத்தின் கனத்தை ஒட்டிக் குறையும். பூமியின் ஆரை ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர். மலையின் உயரம் இரண்டு கிலோமீற்றரையும் எட்டாது. ஆகவே உச்சிக்கு ஏறியதனால் பூமியின் வலிமையில் குறைந்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாளாந்த அசைவின் காரணமோ, இன்று நாம் அறிந்தபடி, ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் உயரத்திலே வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டம். அதற்கு முன் 6,000 அடி ஒரு படிக்கட்டு. அந்த உயரத்து மின்னோட்டத்தை நேரே சென்று ஆராயவே பிற்காலத்தில் ரொக்கெட்டுகள் தேவைப்பட்டன. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது என்ற காரணத்தினாலேயே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தெரிந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ரொக்கெட் எழுந்தது.

மற்றக் கதை பம்பாயில் நிகழ்ந்தது. அங்கே கொலாபாவில் 1840கள் முதல் காந்த அவதானங்கள் பதியப்பட்டு வந்தன. நூற்றாண்டின் இறுதியில், குதிரை இழுத்த ட்ராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டும் திட்டம் எழுந்தது. ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநராகிய மூஸ் ஆபத்தை உணர்ந்தார். ஒரு காந்தம் தொந்தரவு செய்தால் அதைச் சில அடி நகர்த்தினால் போதும். கனத்தின் வேகத்தில் அது ஓய்ந்துவிடும். மின்னோட்டமோ வேறு வகை. 1820இல் டென்மார்க்கின் ஏர்ஸ்ரெட் மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டார். அதே ஆண்டில் பியோவும் சவாரும், நீண்ட நேர்க் கம்பியின் காந்த வலிமை தூரத்துக்கு மட்டுமே நேர்மாறு விகிதமானது என்று அளந்தனர். வர்க்கமும் இல்லை, கனமும் இல்லை. இரட்டைத் தூரத்தில் பாதி எஞ்சும். தண்டவாளத்திலிருந்து கசிந்து நிலத்தினூடே பரவும் மின்னோட்டத்தின் தொல்லை அவ்வளவு மெதுவாகவே தேயும்.

ஆகவே மூஸ், பம்பாயிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கே அலிபாக்கில், காந்தத் தன்மையற்ற கல்லால் புதிய ஆய்வகம் ஒன்றை எழுப்பினார். 1904 முதல் 1906 வரை கொலாபாவும் அலிபாக்கும் ஒருங்கே அளந்தன. பழைய தொடரும் புதிய தொடரும் ஒட்டுப்போட்டதுபோல் இணைந்தன. 1907இல் பம்பாயில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. கொழும்பிலும் 1960 வரை ஓடிய ட்ராம் வண்டிகள் நம் நகர வாழ்க்கையின் நினைவு மட்டுமே. பம்பாயிலோ அவை ஓர் ஆய்வகத்தையே கடல் கடந்து அனுப்பின. விதியை அறிந்தவர் முன்கூட்டியே பெயர்ந்தமையால் அந்த நெடிய பதிவு முறியாமல் இன்றும் தொடர்கிறது.

இலங்கையும் இந்த விதியால் பயன் கண்டது. 1950களின் பிற்பகுதியில் விமானத்திலிருந்து நடத்தப்பட்ட காந்த அளவாய்வின் வழியே, சிலாபத்தை அடுத்த பனிரெண்டாவையில் நிலத்தடியே மறைந்து கிடந்த காந்த இரும்புத்தாது வெளிப்பட்டது. மாத்தளை மாவட்டத்திலேயே சீகிரியாவை அடுத்த அலகொலவேவாவில் நம் முன்னோர் இரும்புருக்கிய களம் அகழ்ந்து காணப்பட்டிருக்கிறது. அவர்கள் மண்மேல் தேடினார்கள். பின்வந்தோர் வானத்திலிருந்து தேடினார்கள். மேலே பறக்கும் கருவிக்குத் தாதின் குரல் கூர்மையாகக் கேட்டால் அது ஆழமின்றிக் கிடக்கிறது. அகன்று மழுங்கிக் கேட்டால் ஆழத்தில் கிடக்கிறது. தேய்வின் கணக்கை அறிந்தவனே ஆழத்தின் கணக்கையும் சொல்ல முடியும்.

இன்று இது யாருக்கு வேண்டும்

இக்கணக்கு பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று. இன்றைய சிறு காந்தங்கள் முந்தைய தலைமுறை கண்டிராத வலிமை உடையவை. நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசியிலும் அவை உள்ளன. இருதயத்துக்குத் துணையாக மின்கருவி பொருத்தப்பட்டோர் இத்தகைய தொலைபேசியை அக்கருவியிலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் விலக்கி வைக்கும்படி மருத்துவத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். ஒரு சாண் தூரம் எப்படிப் போதும் என்று ஐயுறுவோருக்குக் கன விதியே விடை கூறும். இரண்டு சென்ரிமீற்றரிலிருந்து பதினாறு சென்ரிமீற்றருக்கு விலகினால் தூரம் எட்டு மடங்கு. சிறு காந்தத்தின் வலிமை ஏறத்தாழ 512இல் ஒரு பங்கு. கன விதி இங்கே காவலாகிறது. மின்கம்பிக்கு அதே கணக்கைப் போடுபவன் ஏமாறுவான். அங்கே எட்டில் ஒரு பங்கு எஞ்சி நிற்கும்.

ஆகவே, தூரத்தோடு காந்தம் எப்படித் தேய்கிறது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கம்பிக்கு ஒன்று, தனி முனைவுக்கு ஒன்று, முழுக் காந்தத்துக்கு ஒன்று. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அறியாமல் விதியை மட்டும் மனனம் செய்தவனுக்கு விதியே பொறியாகிவிடும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மாணவன் எழுதிய இலக்கம் எதிர்பார்த்த இலக்கத்தோடு மாறுபட்டால், சிவப்பு மையைத் திறப்பதற்கு முன் ஒருமுறை ஊசியைப் பாருங்கள். அவன் கருவியைச் சரியாக வைக்காதிருக்கலாம். பக்கத்தில் ஆணி இருந்திருக்கலாம். பிழை எங்கே என்று கண்டு அவனுக்குக் காட்டினால் அதுவும் கல்வியே. ஆனால் பாராமலே திருத்தினால், இயற்கை சொன்னதை அழித்துவிட்டு நாம் சொன்னதை எழுதுகிறோம். முஷன்புரூக் தம் குழப்பத்தை மறைக்காமல் எழுதி வைத்தார். பின்வந்தோர் அதை அவிழ்த்தனர். நியூட்டன் தமது அவதானம் முரடானது என்று சொல்லியும் கண்டதை விடாமல் குறித்தார், அது மெய்யாயிற்று. அவர்கள் எதிர்பார்த்த இலக்கத்தை எழுதியிருந்தால் காந்தவியல் இன்னும் எத்தனை காலம் இருட்டிலே கிடந்திருக்குமோ!

அந்த மாணவன் பல்லேகமவிலிருந்து திரும்பிச் சென்றபோது செய்முறைக் கொப்பியில் எதையும் அழிக்கவில்லை. வெட்டப்பட்ட 7க்கும் எழுதப்பட்ட 14க்கும் கீழே சட்டக் காந்தத்தின் அளவுகளையும் சைக்கிள் கம்பியின் அளவுகளையும் இரு நிரல்களாக எழுதி, எந்தக் காந்தம், எங்கிருந்து அளந்த தூரம் என்பதைத் தலைப்பிலே குறித்துக்கொண்டான். விஞ்ஞானத்தில் ஒரு இலக்கம் மெய்யாவது அந்தத் தலைப்பினால்தான். அதை எழுதப் பழகிய பிள்ளைக்கு வர்க்கமும் கனமும் தாமே விளங்கும்.